வியாழக்கிழமை வந்தவர்கள்

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னால் சுடுகாடு. பிரசவ வார்டின் ஜன்னலைத் திறந்தால் புகை தெரியும். அதற்கு யாரும் பயந்து நான் பார்த்ததில்லை. நாங்கள் பயந்ததெல்லாம் ஜீப்புக்குத்தான். ஒரகடம் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பும் வண்டிகளில் லாரி எது, கம்பெனி பஸ் எது, அதிகாரியின் ஜீப் எது என்று எங்கள் வார்டு ஆயாம்மா சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவர் வாயிலிருந்து "ஜீப்பு" என்ற சொல் வந்தால் போதும், டாக்டரிலிருந்து மருந்து கொடுப்பவர் வரை எழுந்து நின்று, என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கத் தொடங்குவோம். தப்பு எதுவும் நினைவுக்கு வராவிட்டால் பயம் இன்னும் கூடும்.

நான் அங்கே ஒப்பந்த நர்ஸ். ஒப்பந்தத்தை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். பிறந்தது பக்கத்து ஊர்தான். எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அதில் எனக்கு வருத்தமொன்றும் இல்லை, அந்த நிலத்தில் கல்தான் விளைந்தது. இந்த வேலை போனால் நானும் கம்பெனி பஸ்ஸுக்குத்தான் நிற்க வேண்டும் என்ற பயம் மட்டும் எப்போதும் உண்டு.

புதிதாக ஒன்றைச் செய்யலாமே என்று யாராவது வாயைத் திறந்தால் எங்களிடம் முதல் கேள்வி, "யார் சொன்னது?" இரண்டாவது கேள்வி, "ஆர்டர் இருக்கா?" மூன்றாவது கேள்வி கிடையாது. ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கப் புது மெஷின்கள் வந்தன. பட்டனை அழுத்தினால் போதும், அதுவே எண்ணைக் காட்டும். வந்த அன்றே அவை பீரோவுக்குள் போய்ச் சேர்ந்தன. உடைந்துபோனால் யார் பதில் சொல்வது என்று மருந்து கொடுப்பவர் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை, சாவி வைத்திருப்பவர் தலைதானே உருளும். ஆயுத பூஜை அன்று பீரோவைத் திறந்து அந்தப் பெட்டிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு மறுபடி பூட்டினோம். நானும் பக்தியோடுதான் கும்பிட்டேன். மறுநாள் பழைய மெஷினின் பலூனில் காற்று ஒழுகாமல் இருக்க விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

கர்ப்பிணிகளுக்கு எங்களிடம் செவ்வாய்க்கிழமை. காலையிலேயே வந்துவிட வேண்டும். ஊர்ப் பெண்களுக்கு அது சரிப்பட்டது. ஆனால் எங்களைச் சுற்றி ஊர்ப் பெண்களைவிட அறை எடுத்துத் தங்கியிருக்கும் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். தென்காசி, சங்கரன்கோவில், சாத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, ஒரு அறையில் ஆறேழு பேராகப் படுத்து எழுந்து, ஷிப்டுக்கு ஷிப்டு கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். அதில் கல்யாணமானவர்களும் உண்டு. செவ்வாய்க்கிழமை லீவு கேட்டால் சூப்பர்வைசர் எதற்கு என்பார். உண்மையைச் சொன்னால் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர், "போய் நல்லா ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாக அனுப்பிவைப்பார். அந்த அன்பில் மாட்டினவர்கள் யாரும் லைனுக்குத் திரும்பி வந்ததில்லை. அதனால் மறைத்தார்கள். கம்பெனி கொடுக்கும் கோட்டை ஒரு சைஸ் பெரிதாகக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அவர்களுடைய கர்ப்பம் சொந்த ஊரில் பதிவாகியிருக்கும். எங்கள் கணக்கில் அவர்கள் வெளியூர்க் கேஸ். வெளியூர்க் கேஸுக்கு ஏதாவது ஆனால் கேள்வி யாருக்கு வரும் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. தெளிவாகத் தெரியாத எதையும் தொடாமல் இருப்பதுதான் எங்கள் வழக்கம்.

இரண்டாவது ஷிப்டு பஸ் எங்கள் ஆஸ்பத்திரி முனையில்தான் நிற்கும். பெண்கள் முன்னதாகவே வந்து வெயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். இவர்களை வியாழக்கிழமை மதியம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ரத்த அழுத்தம், எடை, கால்வீக்கம் பார்த்து அனுப்பினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். சின்ன வயசு, வேலைக்கு வந்து அதிக நாள் ஆகாதவர், நல்லவர். கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "சிஸ்டர், நீங்க என்கிட்ட எதுவும் சொல்லல. எனக்கு எதுவும் தெரியாது" என்றார்.

வெளியாட்களுக்கு இது மறுப்பு மாதிரி இருக்கும். எங்களிடம் இதைவிடப் பெரிய அனுமதி கிடையாது. வேண்டாம் என்று நினைப்பவர்கள், "மேல கேட்டுச் சொல்றேன்" என்பார்கள், அதோடு அந்த விஷயம் செத்துவிடும். தெரியாது என்றால் செய் என்று அர்த்தம், மாட்டினால் நீ மட்டும் மாட்டு என்றும் அர்த்தம். நான் இரண்டையும் புரிந்துகொண்டுதான் தொடங்கினேன். முதல் வாரம் ஒருத்தி வந்தாள். அப்புறம் ஒருத்தி சொல்லி ஒருத்தி என்று பெஞ்சு நிறைய ஆரம்பித்தது. வியாழக்கிழமை மதியமானால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு காது இவர்கள் சொல்வதைக் கேட்கும், இன்னொரு காது தெருவில் இருக்கும்.

அவர்களில் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. மண்ணூரில் அறை. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். காருக்குள் போகிற வயர்களைச் சேர்த்துக் கட்டும் லைனில் இவளுக்கு வேலை, எட்டு மணி நேரமும் நின்றபடி. ஏழாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பயிற்சிக் காலம் முடிந்து நிரந்தர கார்டு கொடுப்பார்களாம், அதை வாங்கிக்கொண்டு பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விடுவேன் என்பாள். வந்த முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்கு மட்டும் தெரியக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். செய்து கொடுத்தேன். முந்தின வாரம் அவள் காலில் கட்டைவிரலால் அழுத்தியபோது குழி விழுந்தது. உப்பைக் குறை, செவ்வாய்க்கிழமை எப்படியாவது வந்து டாக்டரைப் பார் என்றேன். தலையாட்டினாள். வரவில்லை.

அந்த வியாழக்கிழமை அவள்தான் முதலில் வந்தாள். முகம் உப்பியிருந்தது. தலைவலி, காலையிலிருந்து கண் முன்னால் பூச்சி பறக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். துணியைக் கட்டிக் காற்றை ஏற்றினேன். நூற்றி எழுபதுக்கு நூற்றிப் பத்து. மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று நம்ப ஆசைப்பட்டு அடுத்த கையிலும் பார்த்தேன். அதே எண். அந்த எண்ணுக்கு அப்புறம் எந்த நிமிஷத்திலும் வலிப்பு வரலாம், வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, அசையாதே என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். எண்ணைச் சொன்னேன். டாக்டர் எழுந்தார். தெரியாது என்று சொல்ல இனி வழியில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அதே நேரத்தில் வாசலிலிருந்து ஆயாம்மாவின் குரல் வந்தது.

"ஜீப்பு வருது."

நான் திரும்பி ஓடுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது. நாங்களே பழக்கிவைத்த பழக்கம்தான். ஜீப் என்றால் வியாழக்கிழமைப் பெண்கள் பிரசவ வார்டு வழியாகப் பின்கதவில் இறங்கிப் போய்விட வேண்டும். ஆயாம்மா எல்லோரையும் கிளப்பிவிட்டிருந்தார், படுத்திருந்தவளையும் சேர்த்து. பெஞ்சு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பின்கதவுக்குப் போய்ப் பார்த்தேன். சுடுகாட்டுச் சுவரோரம் யாருமில்லை.

"அந்தப் பொண்ணு எங்க?" என்று கேட்டேன்.

"பஸ்ஸு வந்துச்சு, ஏறிக்கினு பூட்ச்சு" என்றார் ஆயாம்மா. அவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது. அவர் வேலையை அவர் கச்சிதமாகச் செய்திருந்தார்.

அவளுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. லைனுக்குள் போன் கூடாது, கேட்டிலேயே பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். ஆம்புலன்சுக்குச் சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, நோயாளி எங்கே என்றார்கள். நோயாளி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வண்டி நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள்.

உள்ளே மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் உதடுகள் வெளுத்துப்போயிருந்தன. என்னைப் பார்த்தார். வேண்டாம் சிஸ்டர் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. என் ஒப்பந்தம், வீட்டில் இரண்டு பிள்ளைகள், இந்த வயதுக்கு மேல் யார் வேலை கொடுப்பார்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடின. அவள் நின்றபடி வயர் கட்டிக்கொண்டிருப்பதும், அப்படியே சாய்வதும் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குமேல் நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். எண்ணையும் சொன்னேன், பின்கதவையும் சொன்னேன்.

அதிகாரி என்னைப் பார்த்தார். வியாழக்கிழமை கர்ப்பிணி எப்படி வந்தாள் என்றார். செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஷிப்டு என்றேன். யாருடைய ஆர்டர் என்றார். ஆர்டர் இல்லை என்றேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், அவர் கண்ணும் தெருப் பக்கமே போய்ப்போய் வந்தது. அவருக்கு மேலேயும் ஒரு ஜீப் இருக்கும் போலிருக்கிறது.

"நான் இன்னும் இங்க வந்து சேரலம்மா," என்றார் மெதுவாக. "வழியில டிராஃபிக். வந்து சேர அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் ஜீப் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது."

வலிப்பைத் தடுக்கும் ஊசி மருந்தையும் மெஷினையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். டாக்டரும் வருவார் என்று நினைத்தேன். அதிகாரி எதிரில் நின்றவர் நின்றபடியே இருந்தார். வாழ்நாளெல்லாம் பார்த்துப் பயந்த வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். டிரைவர் ஹாரனை விடவே இல்லை. கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் நகர்கிற வரை என் உயிர் என்னிடம் இல்லை.

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, ஜீப்பின் போர்டைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார். யாரைப் பார்க்கணும், எந்த லைன், எந்த காண்ட்ராக்ட் என்றார். செய்த சத்தியம் நினைவிலிருந்தது. அவளுடைய அம்மாவுக்கு ஊரில் உடம்பு முடியவில்லை, கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்று பொய் சொன்னேன். சரி, டீ பிரேக்கில் சொல்லிவிடுகிறேன் என்றார். டீ பிரேக் எப்போது என்றேன். ஷிப்டு இப்போதுதானே தொடங்கியிருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். கெஞ்சிப் பார்த்தேன். லைனை நிறுத்தி ஆளை எடுக்க முடியாது, சூப்பர்வைசர் திட்டுவார் என்றார். அவர் பயம் அவருக்கு. அதற்குள் உள்ளேயிருந்து கழுத்தில் கார்டு மாட்டிய ஒருவர் எட்டிப் பார்த்தார், சூப்பர்வைசரேதான். இன்னா விஷயம் என்றார்.

"அது வயித்துல புள்ளயோட கீது சார்," என்றேன். "பிபி தலைக்கு ஏறிக்கினு நிக்குது. இப்ப வெளிய வுடலன்னா செத்துப்பூடும். அப்புறம் உங்க லைனு இன்னா ஆவும்னு நீங்களே பாத்துக்கோங்க."

லைன் நிற்குமே என்ற பயம் வேலை செய்தது. உடனே ஆள் போனது. அவள் வெளியே வந்தாள். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். பெரிய கோட்டின் பட்டன்களை யாரோ கழற்றிவிட்டிருந்தார்கள், வயிறு எல்லோருக்கும் தெரிய இருந்தது. அவள் ஜீப்பைப் பார்த்தாள், சூப்பர்வைசரைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியளாக்கா?" என்றாள்.

அவளைக் கைத்தாங்கலாக ஜீப்பில் ஏற்றினேன். பின்சீட்டில் படுக்கவைத்து இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசியைப் போட்டேன். டிரைவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். வழியில் அவள் வாயோரம் துடித்தது. விரல்கள் மடங்கின. உன் பெயரைச் சொல்லு, உன் ஊர்ப் பெயரைச் சொல்லு, உன் தெருப் பெயரைச் சொல்லு என்று கேட்டுக்கொண்டே போனேன். பாதியில் பதில் நின்றுவிட்டது. சாமி எதையும் கூப்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை, மூச்சு வருகிறதா என்று மூக்குக்கடியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றிய பிறகுதான் என் புடவையெல்லாம் நனைந்திருப்பதைப் பார்த்தேன். என் வியர்வைதான்.

அன்று மாலையே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாய், பிள்ளை இரண்டும் பிழைத்தன.

மறுநாள் டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இரவெல்லாம் தூங்காத முகம். "சிஸ்டர், நாம பாக்காம இருந்திருந்தா அவ நம்ம கேஸே இல்ல" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் அவளே இல்லை என்றேன், என் வாழ்க்கையில் எந்த டாக்டரிடமும் அப்படிப் பேசியதில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். பயந்தவர்களிடம் கோபப்படுவதில் ஒரு சுகமும் இல்லை. நானும் பயந்தவள்தானே.

மேலிருந்து ஓலை வரும் என்று காத்திருந்தோம். தபால்காரர் சைக்கிள் நின்றால் எழுந்து நின்றுவிடுவோம். ஒன்றும் வரவில்லை. தண்டனையும் வரவில்லை, இனி வியாழக்கிழமை நடத்திக்கொள்ளுங்கள் என்ற ஆர்டரும் வரவில்லை. அந்த அதிகாரி மறுபடி வந்தபோது கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றி மட்டும் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை மதியம் டாக்டர் தானாகவே வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நானே பாக்கறேன், எது வந்தாலும் நான் பதில் சொல்லிக்கிறேன் என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. பஸ் வந்தது. முனையில் நின்றிருந்த பெண்கள் எங்கள் பக்கம் திரும்பாமலே ஏறிப் போனார்கள். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். ஒருத்தியை வழிமறித்துக் கேட்டேன். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஜீப்பும் சூப்பர்வைசரும் சேர்ந்து நின்ற கதை எல்லா லைனுக்கும் போயிருந்தது.

தென்காசிப் பெண்ணை ஒப்பந்தக்காரர் நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார். பிள்ளையின் எடை ஏறியதும் அவள் அம்மா வந்து இருவரையும் ஊருக்குக் கூட்டிப்போனார். குழந்தைக்குச் சட்டை எடுத்துக்கொண்டு நான் மண்ணூர் அறைக்குப் போனபோது அங்கே வேறு பெண்கள் இருந்தார்கள். பழைய ஆட்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள், எங்கே என்று தெரியாது என்றார்கள்.

சில மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் அவளே போன் செய்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிள்ளை குப்புற விழுகிறாளாம், சிரிக்கிறாளாம். நீங்க வரலன்னா நாங்க ரெண்டு பேரும் இல்லக்கா என்றாள். அப்புறம், கால் வீங்கினால் என்ன மாத்திரை வாங்க வேண்டும் என்று கேட்டாள். உனக்கா என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"எனக்கில்லக்கா. எங்க ரூம்ல இருந்தால்லா, அவளுக்கு. இப்பம் ஏழு மாசம். தலவலின்னு அழுதா."

எங்கே இருக்கிறாள், எந்தக் கம்பெனி, பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்டேன். மாத்திரை பெயரை மட்டும் சொல்லுங்கள் என்றாள். அதற்கு மாத்திரை வாங்கிப் போட முடியாதும்மா, கம்பெனிக்கு நான் வரவே மாட்டேன், டாக்டரே பார்க்கிறார், அவளை எங்களிடம் வரச் சொல்லு என்று கிட்டத்தட்ட அழுதேன்.

"வர மாட்டாக்கா," என்றாள். "ஒங்ககிட்ட போவாதன்னு நான்தான் சொல்லி வச்சிருக்கேன்."